பேசாத பக்கத்தைப் பேச வைத்தவன்

மைசூரில் நான் கட்டி எழுப்பியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மைக்செட் கடை. அதன் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத். பூத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ். கம்ப்யூட்டர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய்ப் பார்க்கவேண்டிய சாமி என்று ஊரே நினைத்திருந்த காலத்தில், அந்த ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். அதற்கும் மேலே ஒரு வீடு. சாக்கடை ஓரம், சுவர் நிற்காது என்றார்கள். இன்னும் நிற்கிறது. இதற்கெல்லாம் மேலாக, கண் தெரியாத ஒரு பெண் காதால் கேட்டே வேலை பார்க்கும்படியான கம்ப்யூட்டர் பக்கம். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் என் கணக்கில் வைப்பதில்லை. அதனால் அதை நானே எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஊர் கோபிநத்தம் பக்கம். சந்தனக் கடத்தல்காரன் ஊர் என்பதால், தொண்ணூறுகளில் அந்தப் பெயரைப் பாலாறு செக்போஸ்டில் சொன்னால் என் ஸ்பீக்கர் பெட்டிகளைத் திருப்பிப் போட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அப்படிப்பட்ட ஊர்ப் பெயரோடு வந்து, தசரா பொருட்காட்சியில் மைக் பிடித்து, காணாமல் போன பிள்ளைகளை அப்பா அம்மாவிடம் சேர்த்தவன் நான். மைக்கில் பேசுவது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். கூட்டத்தில் கேட்பவனுக்கு உங்கள் முகம் தெரியாது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது தெரியாது, காதில் விழுவது ஒன்றுதான். எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று பார்த்துப் பார்த்துப் பேசவேண்டும். இந்தப் படிப்பை எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை.

மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அங்கே மைக்செட் கட்டுவது நான்தான். அங்கே டெலிபோன் போர்டில் ஒரு பெண் இருந்தார். பிறவியிலேயே கண் தெரியாது. அப்பாவின் ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த தமிழ்க் குடும்பம். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அவர் குரல்தான் கேட்கும். நான் போன் செய்து "வணக்கம்" என்பதற்குள் சிரித்துவிடுவார்.

"மைக்செட் அண்ணாவா? ரிசீவரை ஸ்வல்பம் தள்ளிப் பிடிங்க. உங்க குரலுக்கு மைக்கே தண்டம்."

தொழிற்சாலையின் அத்தனை நம்பரும் அவருக்கு மனப்பாடம். ஸ்டோர்ஸ் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அங்கே மணி அடிக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தத் தொழிற்சாலையில் புது எக்ஸ்சேஞ்ச் வைத்தார்கள். புதுக் கட்டடமும் வந்தது. பழைய நம்பர்கள் எல்லாம் செத்தன. இந்த வாரம் கீழே இருக்கிற செக்‌ஷன் அடுத்த வாரம் மாடிக்குப் போகும், நம்பரும் மாறும். அதனால் நம்பர், ஆள், ஷிப்ட் எல்லாவற்றையும் தொழிற்சாலைக்குள் மட்டும் திறக்கிற இன்டர்நெட் பக்கமாகப் போட்டுவிடலாம் என்று அங்கிருந்த பெர்சனல் ஆபீசர் முடிவு செய்தார். பெங்களூர்க்காரர்கள் இங்கிலீஷில் செய்து தருகிறோம் என்றார்கள். நான் கன்னடத்திலேயே செய்து தருகிறேன் என்றேன். எப்படிச் செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது. வேலையை முதலில் பிடி, வழியைப் பிறகு தேடு என்பதுதான் என் முறை. இதுவரைக்கும் அது என்னைக் கைவிட்டதில்லை.

பக்கம் எழுதுவதற்கு என் சென்டரில் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தேன். பி.இ. படித்தவள். மேல்கோட்டையிலிருந்து எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மைசூர் வந்த ஐயங்கார் வீட்டுப் பெண். அவர்கள் வீட்டுத் தமிழ் தனித் தமிழ். நான் பேசினால் அவளுக்குச் சிரிப்பு, அவள் பேசினால் எனக்குச் சிரிப்பு. கெட்டிக்காரி. இதை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

கன்னட எழுத்தில் அன்றைக்கு ஒரு தொல்லை இருந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் தெரிகிற எழுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் போய் உடைந்து, காலும் கையும் வேறு வேறாகக் கிடக்கும். அதற்கு அவள் ஒரு வழி கண்டாள். ஒவ்வொரு வரியையும் படமாக்கிவிடுவது. படம் எங்கே போனாலும் உடையாது. அச்சடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆபீசர் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார்; என் தோளில்தான்.

இதற்கிடையில் போர்டில் இருக்கிற பெண்ணுக்குக் கம்பெனி ஒரு பேசும் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தது. திரையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தை அது ஜலதோஷம் பிடித்த வெள்ளைக்காரன் மாதிரி வாசிக்கும். ஒரு காதில் டெலிபோன், இன்னொரு காதில் அது. எங்கள் பக்கம் வைத்த மறுநாளே அவரிடமிருந்து போன் வந்தது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"அண்ணா, உங்க பக்கம் ஊமையா இருக்கு."

"என்ன தங்கச்சி சொல்றீங்க? பளிச்சுனு இருக்குதுன்னு ஆபீசரே சொன்னாருங்களே?"

"பளிச்சுனு இருந்தா எனக்கென்ன? இமேஜ், இமேஜ், இமேஜ்னு மட்டும் சொல்லிண்டே போறது. ஒரு நம்பர் இல்லை, ஒரு பேர் இல்லை. முன்னே எல்லாம் நம்பர் மாறினா அந்தந்த செக்‌ஷன் கிளார்க் எனக்குக் கூப்பிட்டுச் சொல்லுவாங்க, நான் பிரெயில்ல குத்தி வெச்சுப்பேன். இப்போ கேட்டா, 'பக்கத்துல போட்டாச்சேம்மா, பாத்துக்கோ'ங்கறாங்க."

"ஆபீசருகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஆயுத பூஜை வரைக்கும் டைம். அதுக்குள்ள இதை வெச்சு வேலை செய்ய முடியலேன்னா போர்டுக்கு வேற ஆளாம். என்னை பேக்கிங்ல ஒரு சேர் போட்டு உட்கார வெச்சுடறாங்களாம். சம்பளம் குறையாதாம்."

"சம்பளம் குறையலைன்னா அப்புறம் என்ன தங்கச்சி?"

"சும்மா உட்கார்ந்து வாங்கிக்க நான் என்ன கோயில் உண்டியலா?" என்று கேட்டுவிட்டு, "லைன்ல ஆள் வந்துட்டாங்க அண்ணா" என்று வைத்துவிட்டார்.

நான் மாடிப்படியேறி என் கடைப் பெண்ணிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"சார், கன்னடத்தை எழுத்தா போட்டாலும் அந்த மெஷினுக்குப் படிக்கத் தெரியாது. அது நம்ம தப்பில்லை."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கலீங்க அம்மிணி. அந்தப் புள்ளைக்கு என்ன கேக்குதுன்னு நமக்குத் தெரியோணும். படத்தை அணைச்சுப்போட்டு அந்தப் பக்கத்தைத் தொற."

இது எனக்கு எப்படித் தோன்றியது என்று சொல்கிறேன். எங்கள் பிரவுசிங் சென்டரில் லைன் ஆமை மாதிரி ஊரும். படம் வருவதற்குள் கஸ்டமர் எழுந்து போய்விடுவார். அதனால் அவசரக்காரர்களுக்குப் படங்களை அணைத்து வைத்துக் கொடுப்போம். அப்போது படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரியும். சில வெளிநாட்டுப் பக்கங்களில் மட்டும் அந்தக் கட்டத்துக்குள் இது இன்ன படம் என்று இரண்டு சொல் இருக்கும். இதை நான் கல்லாவில் உட்கார்ந்தே கவனித்து வைத்திருந்தேன்.

அவள் படத்தை அணைத்து எங்கள் பக்கத்தைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரைக்கும் காலிக் கட்டம். திறந்து வைத்த பெட்டிக் கடையில் சரக்கே இல்லாத மாதிரி.

"அவாளுக்கு இதுதானா கேக்கறது?" என்றாள் மெதுவாக.

"இதேதான். இப்ப சொல்லு, அந்த வெளிநாட்டுக்காரன் கட்டத்துக்குள்ள சொல்லை எப்படி வெச்சான்?"

அது அவளுக்குத் தெரிந்திருந்தது. படத்தின் பின்னால் இங்கிலீஷ் சொல்லை ஒளித்து வைக்கலாமாம். கண்ணால் பார்க்கிறவனுக்குக் கன்னடப் படம் மட்டும் தெரியும், படம் தெரியாதவனுக்கு அந்தச் சொல் வரும். பேசும் கம்ப்யூட்டர் அதைத்தான் வாசிக்கும். படித்திருக்கிறாள், தேவையில்லை என்று விட்டிருக்கிறாள். அப்படி எத்தனையோ பேர் விடுகிறார்கள்.

அன்றைக்கே உட்கார்ந்து முதல் பக்கத்துக்குச் சொல் எழுதினாள். எனக்குப் படித்துக் காட்டினாள். புதுக் கட்டடத்தின் முதல் மாடியில் உள்ள ஸ்டோர்ஸ் பிரிவின் தொலைபேசி எண்ணைக் காட்டும் படம் இது என்று ஆரம்பித்து, கடைசியில்தான் நம்பர். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

"அம்மிணி, பொருட்காட்சியில 'சிவப்புச் சட்டை போட்ட, ரெண்டாவது படிக்கிற, பாட்டு நல்லாப் பாடுற ஒரு பையன்'னு நான் இழுத்துக்கிட்டிருந்தா, அதுக்குள்ள அவங்கம்மா அந்தப் பக்கத்து கேட்டுல வெளிய போயிருப்பா. எங்க வந்து கூட்டிக்கோணும்கிறதை முதல்ல சொல்லிப்போடோணும். ஸ்டோர்ஸ். நம்பர். ஆள் பேரு. முடிஞ்சுது. மாடியும் படியும் யாருக்கு வேணும்?"

"படம்னு சொல்ல வேண்டாமா?"

"படமுன்னு தெரிஞ்சு அந்தப் புள்ள என்ன பண்ணப்போகுது? ஃப்ரேம் போட்டு மாட்டுமா?"

சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் தட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் மைக்கில் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன். கம்ப்யூட்டர் மேலே ஒரு தாளையும் ஒட்டினேன்: சொல் இல்லாமல் ஒரு படம்கூட இந்தக் கடையை விட்டுப் போகக் கூடாது. ஃப்ளாப்பியில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மொபெட்டில் ஹெப்பாளுக்கு நானே கொண்டுபோனேன். போர்டு அறையில் அந்தப் பெண் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க விரல் மேஜையில் தாளம் போட்டது.

"யார் எழுதினது அண்ணா? நறுக்குனு இருக்கு. நீங்களே உள்ளே உட்கார்ந்து கத்தற மாதிரி."

இந்தப் பாராட்டை நான் அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

இதோடு கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத் தொழிற்சாலையில் லேத், டிரில்லிங் மெஷின், கேன்டீன் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், செண்டுப்பூ மாலை. கம்ப்யூட்டர் திரைக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். ஆபீசருக்கு அதற்கும் மேலே ஆசை. வெளியே இருக்கிற மெஷினுக்குப் பூஜை செய்கிறோம், உள்ளே இருக்கிற பக்கத்துக்கு வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். எம்.டி. ஒவ்வொரு செக்‌ஷனாகப் பூஜைக்கு வருவார், போர்டு அறைக்கும் வருவார், அப்போது பக்கமும் அலங்காரத்தோடு இருக்கட்டும், அந்தப் பெண்ணால் முடியுமா முடியாதா என்பதையும் அவரே பார்த்துவிடட்டும் என்பது அவர் ஏற்பாடு.

என் கடைப் பெண் அழகாகத்தான் செய்தாள். பக்கத்தின் தலையில் ஒரு செண்டுப்பூ மாலை. ஒரே பூவை வரைந்து அதையே வரிசையாகக் கோத்திருந்தாள். கீழே மாவிலைத் தோரணம். அன்று காலையில் கம்ப்யூட்டர் அறையில் பூஜை முடிந்த கையோடு அந்தப் பக்கத்தை ஏற்றினார்கள். நான் வெளியே மைக்செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எம்.டி. போர்டு அறை வாசலுக்கு வந்தபோது நானும் பின்னால் போய் நின்றேன். ஆபீசர், என் கடைப் பெண், இன்னும் சிலர். வெளியிலிருந்து ஒரு கால் வந்தது. யாரோ டெஸ்பாட்ச் செக்‌ஷனைக் கேட்டிருக்கவேண்டும். முந்தின வாரம்தான் இடம் மாறி நம்பரும் மாறிய செக்‌ஷன். அந்தப் பெண் பக்கத்தைத் திறந்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஆபீசர் பேசும் கம்ப்யூட்டரின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்.

"ஃப்ளவர்," என்றது கம்ப்யூட்டர். "ஃப்ளவர். ஃப்ளவர். ஃப்ளவர்."

"ஒந்து நிமிஷ சார்," என்றார் அவர் போனில்.

"ஃப்ளவர். ஃப்ளவர். ஃப்ளவர்."

சொல் இல்லாமல் படம் போகக் கூடாது என்ற விதியை என் கடைப் பெண் பூவுக்கும் வைத்திருந்தாள். விதி சரியான விதி. மாலைதான் நீளம். நம்பர் எங்கேயோ அத்தனை பூவுக்கும் கீழே கிடந்தது.

"ஏனம்மா, ஹூவா மாரோக்கே பந்த்யா?" என்றார் ஆபீசர். பூ விற்கவா வந்தாய் என்று. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"மாலை முடிஞ்சா டெஸ்பாட்ச் வரும் சார்," என்றார் போர்டில் இருந்த பெண். அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். மாலை முடிவதற்குள் வெளியே இருந்தவர் போனை வைத்துவிட்டார்.

மெஷின் ஷாப்பில் பூசணிக்காய் உடைக்கக் காத்திருக்கிறார்கள் என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். போகிற வழியில் எம்.டி. ஆபீசர் காதில் என்னவோ சொன்னார், ஆபீசர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பேக்கிங்கில் சேர் போட்டாயிற்று.

"சார், திரும்பி இந்த வழியாத்தானே வருவீங்க? வர்றப்ப இன்னொரு தடவை பாருங்க," என்று அங்கேயே கன்னடத்தில் சத்தமாகச் சொன்னேன். என் குரல் தெரியுமே. எம்.டி. திரும்பிப் பார்த்துவிட்டு "ஆகலி", ஆகட்டும் என்று போனார். அந்த ஒரு வார்த்தையை வாங்கியது யார்? நான்தான். மற்றவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

என் கடைப் பெண்ணைக் கம்ப்யூட்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"மாலையை எடுத்துடறேன் சார்."

"எடுத்தா ஆபீசர் நம்மளை எடுத்துப்போடுவாரு. மாலை இருக்கட்டும். பூவுக்கு என்னத்துக்கு வாய்? அதை மூடு."

"நீங்கதானே சொல் இல்லாம படம் போகக் கூடாதுன்னு எழுதி ஒட்டினேள்?"

"நம்பருக்குச் சொன்னேன் அம்மிணி. பந்தல்ல கட்டின சீரியல் லைட்டை நான் மைக்குல ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டா இருக்கேன்? அது பாக்கறவனுக்கு. கேக்கறவனுக்கு அது வேண்டாம்."

அவள் சொற்களை அழித்தாள். பக்கத்து அறையிலிருந்து அந்தப் பெண் குரல் கொடுத்தார்: "அண்ணா, இப்போ ஃப்ளவர் போய், படத்தோட ஃபைல் பேரைப் படிக்கறது. இன்னும் மோசம்!"

என் கடைப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சொல்லுக்கான இடத்தையே எடுத்துட்டேன் சார். இடம் இருக்கணும், உள்ளே ஒண்ணும் இருக்கப்படாது. அப்போதான் இது அலங்காரம்னு தெரிஞ்சு அது தாண்டிப் போகும்." ஒவ்வொரு பூவுக்கும் காலி இடத்தைத் திரும்ப வைத்தாள். இந்த நுணுக்கம் அவளுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயை மூடு என்று சொன்ன பிறகுதானே மூடி தேட முடியும்?

"இன்னொண்ணு," என்றேன். "நம்பர் தேடற கட்டத்துக்கு நேராப் போக ஒரு வழியைப் பக்கத்தோட உச்சியில வை. எந்த அலங்காரம் வந்தாலும் அந்தப் புள்ள முதல் அடியிலயே அங்க போய் நிக்கோணும்."

அதையும் வைத்தாள். வெளியே பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. நான் போர்டு அறைக்குப் போய், "தங்கச்சி, கேளுங்க," என்றேன். அவர் கேட்டார். கைகள் மேஜை விளிம்பை விட்டன.

எம்.டி. கையில் குங்குமத்தோடு திரும்பி வந்தார். வாசலுக்கு எதிர் அறையில் இருந்த போனை எடுத்து அவரே பேசினார். டெஸ்பாட்ச் வேண்டும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் அங்கே மணி அடித்தது. வைத்துவிட்டு டூல் ரூம் கேட்டார். அதுவும். ஷிப்டில் யார் இருக்கிறார் என்று கேட்டார். அந்தப் பெண் ஷிப்டில் இருப்பவரின் பெயரைச் சொல்லி, "லைன் கொடுக்கட்டுமா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"பேடா. நீவு இல்லே இரி," என்றார் எம்.டி. வேண்டாம், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று. அவ்வளவுதான். ஆபீசர் உடனே கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஆபீசர் என் கடைப் பெண்ணைக் கூப்பிட்டு எம்.டி.க்கு முன்னால் நிறுத்தி, தானும் அவளும் சேர்ந்து செய்த முயற்சி என்றார். நான் அவர்களுக்குப் பின்னால், மைக் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். ஒயரோடு நிற்பவன் பக்கம் செய்திருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. வழக்கமான சிரிப்போடு ஆரம்பித்தார், பிறகு குரல் மாறியது.

"அண்ணா, சும்மா பக்கத்தோட அடி வரைக்கும் கேட்டேன். செய்தவர்கள்னு ரெண்டு பேர் வர்றது. ஆபீசர் பேரு, உங்க கடைப் பொண்ணு பேரு. நோடி, பாருங்க, உங்க பேரு வரலையே? பின்னாடி எங்கேயாவது படத்துல இருக்கா?"

"இல்ல தங்கச்சி. எங்கயும் இல்ல."

"நான் வேலை பண்ற பக்கத்துல நீங்க இல்லேன்னா அது என்ன நியாயம்? ஆபீசர்கிட்ட நான் கேட்கறேன்."

கேட்டார். மைக்செட்காரருக்கு மைக்செட் வாடகை கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்ததாம். அவர் அதை அப்படியே எனக்குச் சொன்னார், மறைக்கவில்லை. பிறகு ஆபீசர் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கினார். என் கடைப் பெண் பெரிய கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். போகும்போது என் காலில் விழுந்து கும்பிட்டாள், பக்கத்தின் அடியில் என் பெயரைச் சேர்க்க மட்டும் ஆபீசர் விடவில்லை என்றாள். போர்டில் இருந்த பெண் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் இருந்தார். எக்ஸ்சேஞ்ச் இன்னும் இரண்டு தடவை மாறியது, பக்கமும் மாறியது, அவர் மாறவில்லை.

இப்போது அந்தத் தொழிற்சாலை தன் வரலாற்றை மலராகப் போடப்போகிறது என்று கேள்விப்படுகிறேன். கம்ப்யூட்டர் வந்த கதைக்கு ஆபீசர் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதில் செண்டுப்பூ மாலையும் வருகிறதாம், எம்.டி.யும் வருகிறாராம், நான் வரவில்லையாம்.

மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆபீசர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. என் கடைப் பெண்ணின் பெயர் கட்டாயம் இருக்கவேண்டும், என் பெயருக்கு முன்னால் இருந்தாலும் சரி. ஆனால் படத்தை அணைத்துப் பார் என்றவன் நான். நம்பரை முதலில் சொல் என்றவன் நான். பூவின் வாயை மூடச் சொன்னவன் நான். எம்.டி.யைத் திரும்பி வர வைத்தவன் நான். போர்டில் இருந்தவர் இதே ஊரில்தான் இருக்கிறார், யாரை வேண்டுமானாலும் போன் போட்டு அவரிடம் கேட்கச் சொல்லுங்கள், சாட்சி சொல்வார். அந்த மலரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் என் பெயரைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள், அவர் காதில் விழவேண்டும். மைக்செட் வாடகை வேறு, இந்த வேலை வேறு. செய்தவர்கள் வரிசையில் என் பெயர் வரவேண்டும். அச்சுக்குப் போவதற்கு முன்னால் சேருங்கள்.